எம்ஜிபி: துருவிலிருந்து ஜான் ஓ குரோட்ஸ் வரை

அம்பாசிடர் காரின் பானட்டைத் திறந்து பழகியவர்களுக்கு எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அந்நியமாகத் தெரியாது. இரண்டிலும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சின்தான். அம்பாசிடரில் 1489 சிசி, எம்ஜிபியில் அதே குடும்பத்தின் பெரிய உருப்படி, 1798 சிசி. கோவையில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டிய என் மாமா இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது என் வண்டியின் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். "அட, இது நம்ம வண்டிடா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

பிரிட்டனில் இருந்துகொண்டு, ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாமல், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்து நெடுந்தூரம் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்குவது, ரிப்பேர் பார்ப்பது, அப்புறம் மாற்றங்கள் செய்வது, கடைசியாக நெடும்பயணம். இதுதான் வரிசை. நான் இதைக் கலைத்துப்போட்டேன். வண்டி வாங்கிய முதல் வருடமே பெரிய கார்புரேட்டர், பவரைக் கூட்டும் 'சூடான' கேம் ஷாஃப்ட் என்று காசைக் கொட்டினேன். அந்தக் கோடையில் வடக்கே கிளம்பி, ஷாப் மலைக்குப் பக்கத்தில் பெட்ரோல் போட நிறுத்தினேன். திரும்பச் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சோக் கேபிளிலிருந்து புகை வந்தது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருந்தது. ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்ட் முழுவதும் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய சோக் கேபிள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. அந்தப் பட்டையின் விலை சில பவுண்டுகள். ஜம்ப் லீடு (பேட்டரிக்குப் பேட்டரி இணைக்கும் தடித்த வயர்) ஒன்றின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைப் பாடியிலும் கவ்வவைத்துத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

எந்த வண்டி

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. கூபே, வி8 எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல். அதனால் உதிரிபாகம் கிடைப்பதில் சிரமமே இல்லை. பழைய அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் புதிதாகச் செய்து கொடுக்கும் வேலையை பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988-இல் தொடங்கியது. வேறு எந்தப் பழைய காருக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அதிகம் கிடைக்காது.

புதியவருக்கு நான் சொல்வது, 1968 முதல் 1974 வரையிலான குரோம் பம்பர் வண்டி. 1967 கடைசியில் வந்த மாற்றத்தில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேரும் பாசிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த் ஆனது, நான்கு கியருக்கும் சின்க்ரோ (கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு) வந்தது. 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். அது விலை குறைவு, ஆனால் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போகும். திறந்த ரோட்ஸ்டரா, கூரை போட்ட ஜிடியா என்றால் நெடுந்தூரத்துக்கு ஜிடிதான். ஸ்காட்லாந்து மழையில் நான்கு மணிநேரம் துணிக்கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர். அது இல்லாத வண்டி மணிக்கு 70 மைலில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3,900 சுற்றில் கத்தும். ஓவர்டிரைவ் போட்டால் 3,200. ஒரு நாள் முழுக்க ஓட்டும்போது காதுக்கும் எஞ்சினுக்கும் அந்த 700 சுற்று பெரிய விஷயம். வாங்கும் முன் டாப் கியரில் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள், சுற்று சட்டென்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பல சமயம் வயரோ கியர்பாக்ஸ் மேலிருக்கும் ஸ்விட்சோதான் கோளாறாக இருக்கும். ஆனால் விற்பவர் "சின்ன வேலைதான்" என்று சொன்னால் அந்தச் சின்ன வேலையை அவரே செய்துதரட்டும்.

துரு பார்ப்பது

எஞ்சினைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். எஞ்சினைக் கழற்றி மாட்டலாம், துருப்பிடித்த பாடியோடு மல்லுக்கட்ட முடியாது. எம்ஜிபிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் எனப்படும் பெட்டிதான் முதுகெலும்பு. வெளித்தகடு, உள்தகடு, அடியில் காசில் ரெயில் என்று பல அடுக்கு. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மாவாக உதிரும்.

சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். சில்லின் மேல், கதவின் அடிப்பகுதியில், சக்கர வளைவுகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடுத்து, கதவைத் திறந்து அதன் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு ஜாக்கிப் புள்ளியில் வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள். இடைவெளி குறுகிக் கதவு மூட மறுத்தால் சில் போய்விட்டது. தூக்கவே விடாத விற்பனையாளரும் பதில் சொல்லிவிட்டார் என்றே அர்த்தம்.

பழைய துருவின் மேலேயே புதுத்தகட்டை ஒட்டவைக்கும் வேலையும் நடக்கிறது. ஒழுங்காகச் சில் மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், இல்லை அதன் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். ஏனென்றால் சில் அதற்குப் பின்னாலும் நீள்கிறது. ஆகவே விற்பவர் "சில் புதுசு" என்றால், மட்கார்டைக் கழற்றினீர்களா, போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள், பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், கால் வைக்கும் தரை. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

சில் வெல்டிங்கை முதல் முயற்சியாக நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அதைக் கற்றுக்கொள்ள வேறு தகடுகள் இருக்கின்றன. செய்யக் கொடுக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து இறுக்குவீர்களா? "அதெல்லாம் தேவையில்லை" என்றால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்து அப்படியே பற்றவைக்கப்படும். அப்புறம் ஆயுளுக்கும் கதவு சரியாக மூடாது.

கருவி

வீட்டிலிருக்கும் மெட்ரிக் ஸ்பேனர் செட் உதவாது. இது அங்குல வண்டி. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றலாம். அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்தும். அந்த 'ஏறத்தாழ'தான் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். கூடவே ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளி அளக்கும் தகடுகள்), டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), மல்டிமீட்டர், கிரீஸ் கன், நல்ல ஆக்ஸில் ஸ்டாண்ட் ஒரு ஜோடி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

முதல் குளிர்காலம்

வண்டி வந்ததும் முதலில் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், முன் காலிப்பர், பின் டிரம்மின் வீல் சிலிண்டர் எல்லாவற்றிலும் கசிவு பாருங்கள். ரப்பர் ஹோஸ்களின் வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும், பிரேக் பிடித்தது விடாது. டாட் 4 எண்ணெய் ஊற்றி ஏர் எடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்து பெட்ரோல். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது தின்றுவிடும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றிவிட்டு, முடிந்தவரை எத்தனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் இல்லாத ஈ5 சூப்பர் போடுங்கள். வால்வ் சீட் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு கடைகளிலிருந்து போய்விட்டது. ஆகவே சிலிண்டர் ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வ் சீட் போட்டுவிடுவது நல்லது. அதற்காகவே கழற்ற வேண்டாம்.

பெட்ரோல் பம்ப் பின்பக்கம், வலது பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்கும். அடிக்கவே இல்லையென்றால் உள்ளே பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். லேசாக ஒரு தட்டுத் தட்டினால் பிழைத்துக்கொள்ளும். எம்ஜிபி ஓட்டுகிறவர்கள் எல்லோருமே வாழ்க்கையில் ஒருமுறையாவது செருப்பால் பம்பை அடித்திருப்பார்கள்.

வயர், வயர், வயர்

லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்வது பழைய வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஐம்பது வருடமாக யாருமே சுத்தம் செய்யாத இணைப்பு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வேலை செய்யாது. ஒரு வார இறுதியை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

வயரின் நிறம் ஒரு மொழி மாதிரி. பழுப்பு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேரடியாக வருவது, எப்போதும் கரண்ட் உள்ளது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு. ஊதா, ஃபியூஸ் உண்டு ஆனால் சாவி தேவையில்லை. சிவப்பு பக்க விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். இந்த ஏழையும் மனப்பாடம் செய்துவிட்டால், இருட்டில் மழையில் நின்றுகொண்டு வயரிங் வரைபடத்தைப் புரட்ட வேண்டியிருக்காது.

வயர்கள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் சின்ன முனைகள் ரப்பர் குழாயில் செருகியிருக்கும். ஒவ்வொன்றாக உருவுங்கள். பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தால் நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, கொஞ்சம் வாஸ்லீன் தடவித் திரும்பச் செருகுங்கள். குழாய் தளர்ந்திருந்தால் புதுசு போடுங்கள், காசுகள்தான். ஃபியூஸ் வாங்கும்போது கவனம். பழைய பிரிட்டிஷ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது அறுந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. இன்றைய கணக்கில் 35 தாங்கும் ஃபியூஸை அந்த இடத்தில் போட்டால் ஃபியூஸ் பத்திரமாக இருக்கும், வயர் எரியும்.

எர்த் பட்டையைப் பற்றி ஏற்கெனவே அழுதுவிட்டேன். பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, பாடியிலிருந்து எஞ்சின் அல்லது கியர்பாக்ஸுக்கு ஒன்று. இரண்டையும் கழற்றி, உலோகம் தெரியும்வரை தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். 1974 வரையிலான வண்டிகளில் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு வரிசையாக இணைந்திருக்கும். அவற்றுக்கு இடையே ஓடும் வயரையும் மறக்க வேண்டாம். பலர் இப்போது ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றிவிடுகிறார்கள். நல்ல யோசனைதான்.

எஞ்சினைப் பாடவைப்பது

டியூனிங்குக்கு ஒரு வரிசை உண்டு: டேப்பட் (வால்வ் இடைவெளி), பிளக், பாயிண்ட், டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். புதியவர்கள் எல்லோரும் கார்புரேட்டரில் ஸ்குரூ டிரைவரை விடுவார்கள். அங்கே கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானது இக்னிஷனில்தான் இருக்கும்.

டேப்பட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15, அதாவது 0.38 மில்லிமீட்டர். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். எட்டு வால்வில் எதை எப்போது பார்ப்பது? ஒன்பது கணக்கு. எட்டாவது வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். பிளக் இடைவெளி ஆயிரத்தில் 25, பாயிண்ட் இடைவெளி ஆயிரத்தில் 15.

அப்புறம் எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டு. மேலே இருக்கும் பித்தளை மூடியைக் கழற்றி எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் ஊற்றுங்கள். இது காய்ந்துபோனால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி திக்கும். உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டக்' என்று விழ வேண்டும். இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்சுகின்றனவா என்று பார்க்கக் கருவி உண்டு. ஓரடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மாற்றி மாற்றி வாயில்களில் காட்டினாலும் அந்த 'ஸ்' ஓசையின் வித்தியாசம் தெரியும். மிக்ஸ்சருக்கு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பக்கத்திலிருக்கும் சின்ன ஊசியால் பிஸ்டனை மயிரிழை தூக்குங்கள். சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி.

எண்ணெய் 20டபிள்யூ-50, பழைய வண்டிகளுக்கென்றே விற்கும் துத்தநாகம் சேர்ந்த வகை. இன்றைய மெல்லிய சிந்தெடிக் எண்ணெயை ஊற்றினால் கேம் ஷாஃப்ட் தேயும், கசிவும் கூடும். ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐ-க்கு மேல் நின்றால் எஞ்சின் நலமாக இருக்கிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்குப் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்துக்கொண்டு அடியுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்களின் ஸ்டியரிங் கல்லாக இறுகியிருக்கும்.

கிளட்ச் பற்றி ஒரே வார்த்தை: சிக்னலில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுங்கள். இதன் ரிலீஸ் பேரிங் கார்பன் கட்டி. மிதித்துக்கொண்டே நின்றால் சீக்கிரம் கரையும். அதை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும்.

மாற்றங்கள்: நிற்காமல் ஓடுவதற்கா, வேகமாக ஓடுவதற்கா

95 குதிரைத்திறனை 120 ஆக்க ஆயிரம் வழி உண்டு. வெபர் கார்புரேட்டர், துளை பெரிதாக்கிய ஹெட், சூடான கேம் என்று பட்டியல் நீளும். நெடும்பயணம்தான் உங்கள் ஆசை என்றால் இதையெல்லாம் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். என் வெபரைக் கழற்றி விற்றுவிட்டுப் பழைய எஸ்யூ இரண்டையும் திரும்ப மாட்டினேன். கிராமத்துச் சாலையில் 40 மைல் வேகத்தில் வண்டி எவ்வளவு இனிமையாகப் போகும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் ஸ்விட்ச்) போடுவது, செலவுக்குத் தகுந்த பலன் தருவதில் முதலிடம். தொழிற்சாலை விட்டபோது விளக்கின் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போகும். பாதி வழியிலேயே வோல்டேஜ் களைத்துவிடும். ரிலே போட்டால் அதே பல்பில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். ஆயில் ஃபில்டரைத் திருகி மாட்டும் வகைக்கு மாற்றும் அடாப்டர் வாங்கினால் எண்ணெய் மாற்றும் நாளில் கை எரியாது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்த பிறகும் டிராஃபிக்கில் சூடேறினால் எலக்ட்ரிக் ஃபேன். முன்னும் பின்னும் நல்ல சீட் பெல்ட். இருக்கை ஃபோமைப் புதிதாக்குவதை மாற்றம் என்றே யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் ஐந்தாவது மணிநேரத்தில் உங்கள் இடுப்பு எடுத்துக்கொள்ளும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? போடலாம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பழைய பாயிண்ட் தட்டை, செட் செய்த நிலையில், டிக்கியில் வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக் பெட்டி செத்தால் சாலையோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது, பாயிண்டை நகம் தேய்க்கும் தாளால் தேய்த்தாவது வீட்டுக்கு வரலாம். இன்னொன்று, இப்போது கிடைக்கும் ரோட்டர் ஆர்ம்களில் பித்தளை முனையை ஆணி அடித்துப் பொருத்திய வகையில், அந்த ஆணி வழியாகவே தீப்பொறி ஷாஃப்ட்டுக்குப் பாய்ந்துவிடும். ஆணி இல்லாத சிவப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள். கண்டென்சரிலும் இதே கதை. 'புதுசு' என்பதற்காக வேலை செய்யும் பழையதைக் கழற்றி எறியாதீர்கள்.

பழைய வகை ஷாக் அப்சார்பரான லீவர் டேம்பரைத் தூக்கிவிட்டு டெலஸ்கோப்பிக் போடச் சொல்வார்கள். நல்ல முறையில் புதுப்பித்த லீவர் டேம்பரே போதும் என்பேன். இதில் அடிதடி விவாதமே உண்டு, நான் ஒரு பக்கம் நின்றுவிட்டேன்.

காகித விஷயம்: 40 வயது தாண்டிய வண்டியை 'ஹிஸ்டாரிக்' வகையில் பதிந்தால் சாலை வரி இல்லை, லண்டனின் யூலெஸ் எனும் புகை மாசுக் கட்டணமும் இல்லை. பெரிய மாற்றங்கள் செய்யாதிருந்தால் எம்ஓடி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் வருடம் ஒருமுறை விரும்பிப்போய் எம்ஓடி எடுங்கள். உங்கள் கண் பழகிப்போனதை இன்னொருவர் கண் பிடிக்கும். செய்த மாற்றம் எதுவானாலும் இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற வகைப் பாலிசியாக எடுங்கள். எம்ஜி கார் கிளப்போ எம்ஜி ஓனர்ஸ் கிளப்போ ஒன்றில் சேர்ந்தால் பிரீமியமும் குறையலாம், கேள்வி கேட்க ஆளும் கிடைப்பார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது

வேலை முடிந்த வண்டியை நேரடியாக நெடும்பயணத்துக்கு எடுக்க வேண்டாம். முதலில் பத்து மைல், திரும்பி வந்து எல்லா நட்டையும் பாருங்கள். அப்புறம் ஐம்பது மைல். அப்புறம் மழை பெய்யும் ஓர் இரவில் நூறு மைல். ஒயிப்பர், விளக்கு, ஹீட்டர் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்போதுதான் ஆல்டர்னேட்டரின் யோக்கியதை தெரியும். ஹெட் கழற்றி மாட்டியிருந்தால் 500 மைலில் எஞ்சின் ஆறிய பிறகு 50 பவுண்டு-அடியில் திரும்ப இறுக்கி, டேப்பட்டையும் மறுபடி பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு நோட்டில் மைல், ஊற்றிய எண்ணெய், தண்ணீர், கேட்ட புதுச் சத்தம் எழுதிவையுங்கள்.

கம்பி வீல் வண்டியென்றால் நடுமூடியைச் செம்புச் சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டும். எந்தத் திசை என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் அடித்தால் கழலும். இடது பக்கமும் வலது பக்கமும் மரை எதிரெதிர்.

முன்னாள் பந்தய வீரர்களும் அப்படியொன்றும் பறந்துவிடவில்லை. 1963-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க்கும் ஆலன் ஹட்ச்சசனும் ஓட்டிய எம்ஜிபி தொடக்கத்திலேயே மணலில் புதைந்தது. ஹட்ச்சசன் ஒரு மணிநேரத்துக்கும் மேல் தனியாக மணலைத் தோண்டி வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகும் 12-ஆம் இடத்தில் முடித்துத் தங்கள் வகுப்பில் வென்றார்கள். 1966-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணிநேரம் ஓடிய மாரத்தான் டி லா ரூட்டை ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஜூலியன் வெர்னாவும் எம்ஜிபியில் வென்றார்கள். மூன்றரை நாள் நிற்காமல் ஓடக்கூடிய எஞ்சின் அது. அது நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சுற்றியிருக்கும் ரப்பரும் வயரும்தான்.

நெடும்பயணம்

தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ குரோட்ஸ் வரை, வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 874 மைல். புதியவர் நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார்வேயைத் தவிர்த்து ஏ30, ஹெரிஃபோர்ட் வழியாக ஏ49, ஷாப்பைத் தாண்டும் ஏ6, பெர்த்திலிருந்து ஏ9, லாதரனில் பிரிந்து ஏ99. கடைசி நாளில் பெரிடேல் இறக்கம் வரும். அங்கே பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் கியரில் இறங்குங்கள்.

தனியாகப் போகாதீர்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாறவேண்டும், மாற ஆளில்லாவிட்டால் கால்மணிநேரம் நிற்கவேண்டும். நிற்கும்போதெல்லாம் பானட்டைத் திறந்து ஒரு பார்வை. டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே சின்ன பெட்ரோல் பங்க்குகளில் ஈ5 கிடைக்காமல் போகலாம்.

டிக்கியில்: பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் ஆர்ம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஃபியூஸ், பல்பு, சில கெஜம் வயர், பெட்ரோல் ஹோஸ், கிளாம்ப். ஐந்து லிட்டர் தண்ணீர், இரண்டு லிட்டர் எண்ணெய், பிரேக் எண்ணெய் ஒரு சின்ன டப்பா. தீயணைப்பான் மட்டும் டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஜம்ப் லீடு, சொல்லவே வேண்டாம். இவ்வளவையும் ஒருமுறை வீட்டு வாசலிலேயே மாட்டிப் பழகிவிடுங்கள். பழகாத உதிரிபாகம் வெறும் பாரம்.

இது போதாது, போட்டியாகவே ஓட்ட வேண்டும் என்று தோன்றினால் உள்ளூர் கிளப்பின் 'டுவெல்வ் கார்' இரவு ராலியில் தொடங்குங்கள். பெயருக்கேற்பப் பன்னிரண்டு வண்டிக்கு மேல் கிடையாது. ரெகுலாரிட்டி என்ற வகையில் வேகம் முக்கியமில்லை, நேரம்தான். பொதுச் சாலையில் சராசரி 30 மைலுக்கு மேல் வைக்க மாட்டார்கள். 30 என்றால் மைலுக்குச் சரியாக இரண்டு நிமிடம். சீக்கிரம் வந்தாலும் தாமதமாக வந்தாலும் விநாடிக்கு விநாடி தண்டனைப் புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்து ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தைப் பார்த்து வழி சொல்கிறவருக்குத்தான் பாதிப் பெருமை, முழுத் திட்டும். அதற்கு அடுத்து, 1901-இல் தொடங்கிய மோட்டார் சைக்கிளிங் கிளப் ஈஸ்டரில் நடத்தும் லேண்ட்ஸ் எண்ட் டிரையல். பெயர் அப்படி இருந்தாலும் கார்களும் உண்டு. இரவெல்லாம் ஓட்டிவிட்டுச் சேற்று மலையில் ஏற வேண்டும். டிசம்பரில் லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ குரோட்ஸுக்கு இரவும் பகலுமாக ஓடும் லே ஜாக் ராலியை, இரண்டு மூன்று வருடம் கழித்து யோசித்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும் வண்டியை மூடி வைத்துவிடாதீர்கள். மறுநாளே, எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி எண்ணெயை வடித்து, அதில் அந்தப் பழைய காந்தத்தை விட்டுப் பாருங்கள். கறுப்புக் குழம்பு மாதிரி நுண்ணிய தூள் ஒட்டினால் சரி. கண்ணுக்குத் தெரியும் உலோகச் சீவல் வந்தால், அடுத்த குளிர்காலத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.